பன்னீர் சோடாப் புகை

சிகரெட்டை நிறுத்தியதற்காக எனக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. வேலை செய்யும் இடத்தில் கேக் மாதிரி ஆப்பிள் ‘தார்த்’ ஒன்றைச் சுட்டு, அதன்மேல் மாவைத் திரித்து ‘பிராவோ’ என்று எழுதி, என் கையில் கத்தியைக் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் இரண்டு கன்னத்திலும் முத்தம். பெரிய யுத்தத்தை முடித்துவிட்டு வந்தவனைப்போல நானும் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன். இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல்தான். நாற்பத்தேழு வயது வரை நான் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்ததில்லை.

பிரான்சுக்கு வந்து சேர்கிறவர்கள் குளிரைப் பற்றி எழுதுவார்கள், சீஸ் நாற்றத்தைப் பற்றி எழுதுவார்கள். என்னைத் திணறடித்தது ‘போஸ்’ என்று இவர்கள் சொல்லும் பத்து நிமிட இடைவேளை. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில், உப்பளம் என்கிற பேட்டைக்காரனான நான் இங்கே வந்தது மாமனார் புண்ணியத்தில். அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் பெண்ணைக் கட்டியதில் பெண்ணோடு ஒரு நாடும் சேர்ந்து கிடைத்தது. வேலை, பாரிசுக்கு வெளியே பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் பெரிய சமையற்கூடத்தில். காலையில் போஸ் வந்ததும் எல்லாரும் பின்கதவைத் திறந்துகொண்டு குப்பைத்தொட்டி ஓரமாகப் போய்விடுவார்கள். கட்டடத்துக்குள் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு அதுதான் எங்கள் பார்லிமென்ட். யாருக்கு எந்த ஷிப்ட், முதலாளியம்மாவின் மூட் எப்படி, யார் வீட்டில் விவாகரத்து, எல்லாம் அங்கே பேசி முடிந்துவிடும். உள்ளே நானும் உருளைக்கிழங்குத் தோல் சீவும் மிஷினும் இருப்போம். இரண்டு மூன்று தடவை சும்மா கையை வீசிக்கொண்டு வெளியே போய் நின்று பார்த்தேன். “ஏதாவது வேண்டுமா?” என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் அங்கே கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறவன், எதையோ கேட்க வந்தவன். நான் கேட்க வந்தது என்னவென்று எனக்கே பிரெஞ்சில் சொல்லத் தெரியவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

ஊரில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில், பஞ்சாலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கூடுவார்கள். தொங்கும் கயிற்று நெருப்பில் பீடி பற்றவைப்பார்கள். கூட்டத்தில் புகைக்காதவன் ஒருத்தன் இருந்தால் அவனுக்கு ஒரு சோடா உடைத்துத் தருவது வழக்கம். பீடி பிடிக்கிறவர்தான் வாங்கித் தரவேண்டும், அவன் மூஞ்சியில் புகை விடுவதற்கு அபராதம் மாதிரி. அந்தச் சோடாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், எந்தப் பேச்சிலும் தலையை நுழைக்கலாம். எனக்கு வாங்கித் தந்தவர் என் அக்காவின் வீட்டுக்காரர், கலியபெருமாள் மாமா. மில் தொழிலாளி. வெறும் சோடா போதும் என்றாலும் விடமாட்டார். “மாப்ளக்குப் பன்னீர் குடுப்பா, கல்யாணம் ஆவாத புள்ள” என்பார். ரோஜா வாசம் மூக்கில் ஏறும், கேஸ் தொண்டையில் குத்தும், கண்ணில் தண்ணீர் முட்டும். தெருவில் எனக்கு ‘சோடா’ என்றே பெயர். புகைத்தவர்கள் யாருக்கும் பட்டப்பெயர் கிடையாது.

ஆகவே, இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் மின்சார சிகரெட் என்று ஒன்று கடைக்கு வந்தபோது எனக்குச் சபலம் தட்டியது. பார்க்க அசல் சிகரெட் மாதிரியே வெள்ளையாக இருக்கும். உள்ளே பேட்டரி, ஒரு துண்டுப் பஞ்சு. பஞ்சில் வாசனைத் திரவத்தைச் சொட்டு விட்டு உறிஞ்சினால் அது சூடாகி ஆவியாக வரும், முனையில் நெருப்பைப்போலச் சிவப்பு விளக்கு எரியும். “நிகோட்டின் எவ்வளவு?” என்று கடைக்காரர் கேட்டார். “பூஜ்யம்” என்றேன். சாராயக்கடைக்கு வந்து தண்ணீர்ப் பாட்டில் கேட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“அப்புறம் எதற்கு?”

“ருசிக்கு.”

அவர் அலமாரியைத் திறந்தார். பச்சை ஆப்பிள் ஒன்று, வனிலா ஒன்று கொடுத்து அனுப்பினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நிற்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் வாங்கினேன். ஆனால் அது பிடித்துப்போய்விட்டது. நாக்கில் ஒன்றும் படாமல், வயிற்றுக்குள் ஒன்றும் போகாமல், ஒரு பழத்தின் வாசனை மட்டும் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறது. எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. டாக்டர் தடுத்த பண்டம் எல்லாம் பேயாக வந்து வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவதுபோல இருந்தது. புதினா, காபி, தேங்காய் பிஸ்கட் என்று கடைக்காரர் வைத்திருந்த அத்தனையும் பார்த்தேன். பிறகு பேராசை வந்தது. பன்னீர் சோடா வேண்டும். அந்த வாசனை எந்தக் கடையிலும் இல்லை. முதல் முயற்சியில் ரோஸ் சிரப்பையே பஞ்சில் விட்டேன். கருகிய அல்வா நாற்றத்தோடு கருவி உயிரை விட்டது. இன்னொன்று வாங்கி, எங்கள் சமையற்கூடத்தில் கேக்குக்குப் போடும் ரோஜா எசென்சில் ஒரு துளி, புதினாத் திரவத்தில் இரண்டு துளி, எலுமிச்சை கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கலந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது சரியாக வந்தது. ரோஜா மூக்கில் ஏறியது, புதினா கேஸைப்போலத் தொண்டையில் குத்தியது. கண்ணில் தண்ணீர் மட்டும் வரவில்லை. பெண்டாட்டி எட்டிப் பார்த்து, “கல்யாண வீட்டு வாசல்ல யாரோ சிகரெட் புடிக்கிற மாதிரி இருக்குது” என்றாள்.

மறுநாள் அதோடு குப்பைத்தொட்டி ஓரம் போனேன். வட்டம் விலகி எனக்கு இடம் விட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. தியெரி என்கிற தலைமைச் சமையல்காரர், பெரிய உடம்பு, நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிறவர், கருவியை உற்றுப் பார்த்தார். “நிறுத்துவதற்காகவா?” என்றார். “இல்லை, ஆரம்பிப்பதற்காக” என்றேன். சத்தியமாக உண்மையைத்தான் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சும்மா சும்மா ஜோக் அடிக்கிறவன் உண்மை பேசினால் இதுதான் கதி. “எத்தனை வருஷப் பழக்கம்?” என்று அடுத்த கேள்வி. வட்டத்தில் அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது, அதை விட மனசில்லை. “சின்ன வயசிலிருந்து” என்றேன். மாதம் இரண்டு போனதும் தார்த் வந்தது. தியெரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தானும் நிறுத்தப்போவதாகச் சொன்னார். “ஆசை வரும்போது என்ன செய்தாய்?” என்று கேட்டார். கிராம்பு மென்றேன் என்று அளந்துவிட்டேன். மறுநாளிலிருந்து அந்த மனுஷன் சட்டைப்பையில் கிராம்பு.

அந்தச் சமயத்தில்தான் உப்பளத்திலிருந்து அக்கா போன் செய்தாள். மாமாவுக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் செய்யவேண்டும். “ஒரு மாசம் பீடி தொடாம வந்தாதான் கத்தி வைப்பேன்னுட்டாரு டாக்டரு. இந்த இருமலோட தையல் போட்டா பிச்சிக்குமாம். வீராம்பட்டினத்து அம்மன் மேல சத்தியம் பண்ணாரு. மூணாம் நாளே, அம்மன் மன்னிச்சிட்டான்னு சொல்லிட்டு மறுபடி புடிக்கிறாரு. லேட் பண்ணா குடலு மாட்டிக்கும், உசுருக்கே ஆபத்துன்றாங்க. நீ வந்து சொல்லுடா. நம்ம வூட்டு ஆம்பளைங்கள்ல புகை தொடாதவன் நீ ஒருத்தன்தான். நீ சொன்னா கேப்பாரு.”

லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். விமானத்தில் வழிநெடுக மாமாவுக்குச் சொல்லவேண்டிய புத்திமதியை வசனம் வசனமாகத் தயாரித்தேன். சட்டைப்பையில் பன்னீர் சோடாக் கருவி இருந்தது. அது எனக்கு உறுத்தவே இல்லை பாருங்கள். அது ருசி, புகை இல்லை என்பதில் நான் அவ்வளவு தெளிவு.

போய் இறங்கிய அன்று சாயங்காலம், வீடு நிறைய ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போன களைப்பில், மொட்டை மாடிக்குப் போய் ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தேன். கடல் காற்று. ஸ்டேடியம் பக்கம் ஏதோ மேட்ச் சத்தம். படியில் காலடி கேட்டது. திரும்பினால் மாமா. என் கை என்னைக் கேட்காமலே கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டது. பெரியவர்கள் முன்னால் புகைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் மரியாதை. புகைக்காத எனக்கும் அது கையில் ஊறிக் கிடந்திருக்கிறது. அதே நொடியில் மாமாவின் கையும் முதுகுக்குப் பின்னால் போனது. புத்திமதி சொல்ல வந்தவன் முன்னால் பீடியோடு நிற்க அவருக்கும் கூச்சம்.

“இன்னா மாப்ள, காத்து வாங்கிறியா?”

“ஆமா மாமா. நீங்க?”

“துணி காஞ்சிடுச்சான்னு பாக்க வந்தேன்.”

கொடியில் ஒரு துணி இல்லை. இரண்டு பேரும் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் வாங்கியது மலிவான சரக்கு. உறிஞ்சி முடித்த பிறகும் அதன் விளக்கு கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருக்கும்.

“மாப்ள, உன் ஜோப்புல நெருப்பு எரியுது.”

“உங்க முதுகுல புகையுது மாமா.”

அவர் உள்ளங்கை சுட்டுவிட்டது. பீடியைக் கீழே போட்டுக் கையை உதறினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, பாரம் இறங்கினவர் மாதிரி, “நீயும் ஆரம்பிச்சிட்டியா? அப்பாடா” என்றார். அந்த ‘அப்பாடா’வைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. இனி நான் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. அக்கா என்னை வரவழைத்ததே வீண்.

“இது சிகரெட்டு இல்ல மாமா. பன்னீர் சோடா வாசனை, அவ்ளோதான். உள்ள ஒண்ணும் கெடையாது.”

“வாயில வைக்கிற, இழுக்கிற, புகை வுடற. ஒண்ணும் கெடையாதா?”

“புகை இல்ல, ஆவி. இட்லிப் பானையில வருதே, அது மாதிரி.”

“இட்லிப் பானைய எவனாச்சும் மாடியில ஒளிஞ்சி நின்னு இழுப்பானா?”

குப்பைத்தொட்டி ஓரம் நான் அதை யாருக்கும் ஒளித்ததில்லை. அங்கே காட்டிக்கொள்ளத்தான் வாங்கினேன். ஒளித்த நிமிஷத்திலேயே இங்கே அது சிகரெட்டாகிவிட்டது.

மாமா விடுகிறவர் இல்லை. இடுப்பிலிருந்து இன்னொரு பீடி எடுத்துப் பற்றவைத்து, தன் விரலிலேயே பிடித்து என் வாயருகே நீட்டினார். “ஒரு இழுப்பு இழு. பழக்கம் இருக்கிறவனா இருந்தா கண்ணு சொருகும். இல்லாதவனா இருந்தா இருமியே சாவ. இப்ப தெரிஞ்சிடும்.”

நிரூபிக்கவேண்டும் என்ற வெறியில் இழுத்தேன். நெஞ்சுக்குள் யாரோ வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள். இருமலில் கண், மூக்கு எல்லாம் வழிந்தது. ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மாமா கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “சோடா சோடாதான்டா” என்றார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. திடீரென்று அவர் கை அடிவயிற்றுக்குப் போனது. பீடி விழுந்தது. தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது.

“அக்காவ கூப்பிடட்டுமா மாமா?”

“வாணாம். கொஞ்ச நேரத்துல உள்ள போயிடும். எப்பவும் இப்டித்தான்.”

எப்பவும் என்றாரே தவிர, அவர் கண்ணில் இருந்தது எப்பவும் இருக்கிற பயம் இல்லை. விமானத்தில் தயாரித்த வசனம் ஒன்றுகூட என் வாய்க்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினேன். வலி இறங்கியதும் அவர் கை பழக்கத்தில் இடுப்பைத் தடவியது, பீடிக்கு. பாதியில் நிறுத்திக்கொண்டு, என் சட்டைப்பையைப் பார்த்தார்.

“குடு அத.”

ஐந்தாறு இழுப்பு இழுத்தார். உதட்டைச் சப்புக்கொட்டினார். “காரமே இல்லியே. உப்பு போடாத கறிக்கொழம்பு.” இன்னொரு இழுப்பு. “ஆனா வாசனை இன்னாவோ அதேதான்டா.” கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ள இன்னா இருக்குது?”

“பஞ்சு மாமா.”

“நானும் இருவது வருசம் மில்லுல பஞ்சதான் இழுத்தேன். அவன் சம்பளம் குடுத்தான். நீ காசு குடுத்து இழுக்கிற.”

கீழே இறங்கினோம். படியடியில் அக்கா நின்றிருந்தாள். மாமா வெளியே போய் வந்தாலும் மாடிக்குப் போய் வந்தாலும், போலீஸ்காரர் குடிகாரனை நிறுத்துவதுபோல நிறுத்தி வாயை மோந்து பார்ப்பது அவள் வழக்கமாகியிருந்தது.

“ஊதுங்க.”

மாமா ஊதினார். அக்கா நெற்றியைச் சுருக்கினாள். “இன்னொருக்கா.” ஊதினார். “இன்னாது, பன்னீர் சோடாவா?” மாமா தலையை ஆட்டினார். அக்கா முந்தானையால் அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தாள், அவர் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள், கன்னத்தைத் தொட்டாள். என் எதிரில் அவர்கள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பிறகு விளையாட்டாக என் பக்கம் திரும்பினாள். “நீயும் ஊதுடா.”

ஊதினேன். அக்கா இரண்டடி பின்னால் போனாள்.

“டேய். பீடியா?”

மாமாவைப் பார்த்தேன். அவர் சுவரில் எரியும் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். அக்கா முகத்தில் அப்போதுதான் வந்திருந்த அந்த வெளிச்சம் போய்விடும். “அங்க குளிரு, அக்கா...” என்று இழுத்தேன்.

“புத்தி சொல்ல வந்த மூஞ்சியப் பாரு” என்று என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்ச் சோற்றின் முன்னால் உட்காரவைத்தாள். கரண்டி அன்று சட்டியில் இடித்த இடி எனக்குத்தான். வறுத்த மீனில் நடுத்துண்டு மாமாவுக்கு, வால் எனக்கு.

மறுநாள் காலையில் மாமா பீடிக்கட்டை என் கையில் திணித்தார். “என் கன்னத்த தொட்டா பாத்தியா மாப்ள? எத்தினி வருசம் ஆச்சி. இன்னொருக்கா ஊதச் சொன்னா மறுபடியும் அப்டியே ஊதணும். நீதான் இப்ப பீடிக்காரன், நீயே வச்சிக்க.” அதற்குப் பிறகு அவர் கை இடுப்புக்குப் போகும்போதெல்லாம் கருவியை எடுத்துக்கொண்டார். வேளாவேளைக்கு எனக்கு ரோஜாவும் புதினாவும் கலக்கிற வேலை. அவர் தந்த கட்டு என் சட்டைப்பையிலேயே இருந்து, துவைக்கப்போன அக்கா கையில் சிக்கியது. சேதி பரவியது. கருவடிக்குப்பத்திலிருந்து சித்தி ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து, “பிரான்சுக்குப் போயி கெட்டுப்பூட்டியேடா” என்று அழுதாள். புத்திமதி சொல்ல ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவன், வந்த இடத்தில் உட்கார்ந்து வரிசையாகப் புத்திமதி கேட்டேன்.

லீவு முடிந்தது. கருவியையும் கலக்கி வைத்த பாட்டில்களையும் மாமாவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். விமானத்தில் ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரே ஆவி. அங்கே அதைப் பார்த்தவர்கள் நான் பழக்கத்தை விட்டவன் என்றார்கள், இங்கே பார்த்தவர்கள் பழக்கத்தைப் பிடித்தவன் என்றார்கள். அங்கே தார்த், இங்கே மீன் வால். இரண்டு ஊரிலும் என்னைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கிறது. அந்த இரண்டு கதையிலும் நான் இல்லை. ஆனால் கதை இல்லாமல் நின்றபோது பிரான்சில் யாரும் எனக்கு இடம் விடவில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தபோது குளிர் இறங்கியிருந்தது. போஸில் வெறுங்கையோடு கதவைத் திறந்தேன். கருவி இல்லை, ஆனால் வாயைத் திறந்தாலே ஆவி வருகிற குளிர். பிடிக்கிறவன், பிடிக்காதவன் எல்லார் வாயிலிருந்தும் ஒரே மாதிரி வெள்ளையாக வந்தது. அப்படியே நிற்கக் கூச்சமாக இருக்கும் என்று கடையில் இரண்டு சோடா பாட்டில் வாங்கிக் கோட்டுப்பையில் வைத்திருந்தேன். “அதையும் விட்டுவிட்டாயா? பிராவோ” என்றார்கள். தியெரி மட்டும் வட்டத்துக்கு வெளியே, கதவோரம், கிராம்பு மென்றுகொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மனுஷன் நிஜமாகவே விட்டிருந்தார். உள்ளே போகத் திரும்பியவரிடம் ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினேன். “எதற்கு?” என்றார். எங்கள் தெருமுனை வழக்கத்தைச் சொல்ல ஆரம்பித்து, பிரெஞ்சு பாதியில் தீர்ந்துபோய், “குடி” என்று மட்டும் சொன்னேன். அந்தக் குளிரில் ஐஸ் மாதிரி சோடா. குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அக்கா போன் செய்தாள். மாமா தையலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாராம், இருமல் இல்லையாம். இனிமேலாவது என்மேல் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ளலாம் என்று, “அக்கா, அன்னைக்கி மாடியில...” என்று ஆரம்பித்தேன்.

“அன்னைக்கே தெரியும்டா” என்றாள். “பீடி குடிக்கிறவனுக்கு மொதல்ல விரலுதான் நாறும். உன் கையப் புடிச்சி இழுத்தேன், ஒண்ணுமே இல்ல. அவரு கையப் புடிச்சேன், கொமட்டிச்சி.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?”

“பயமில்லாம அவரு ஊதினது அன்னைக்கித்தான். அத போயி கெடுப்பாங்களா?”

“அப்ப நான் நல்லவன்னு தெரியும்தானே? சித்திகிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?”

அக்கா சொன்னாள்:

“உனக்கு பீடி குடிக்கவும் தெரியல, பொய் சொல்லவும் தெரியல. அந்த ஊர்ல இன்னாத்தடா பண்ணி பொழைக்கிற?”